கால் குடைச்சலுக்குப் பிராமிபெக்சோல்: சில வருஷம் சாப்பிட்ட பிறகு

தேவகோட்டையிலிருந்து சின்னாத்தாள் மகள் போனில் கேட்டாள்: "ஆச்சி, நீங்க சாப்பிட்ட அதே பிராமிபெக்சோலை எங்க அப்பச்சிக்கும் எழுதியிருக்காக. நல்ல மாத்திரைதானா?" ஆமாம், இல்லை என்று முடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அதற்குச் சேர வேண்டிய நன்றி. எனக்கு இருப்பது ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்கிற நோய்: படுத்ததும் கெண்டைக்காலுக்குள் குடைச்சல், எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் மறுபடி வரும். காரைக்குடி வீட்டில் வளவைச் சுற்றி ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நடந்தே என் இரவுகள் போயின. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் 0.125 மில்லிகிராம். முதல் ராத்திரியே தூங்கினேன். கல்யாண வீட்டுப் பட்டாலையில் மற்றவர்களோடு உட்கார்ந்து பேச முடிந்தது. இரவு ரயிலில் சென்னை போக முடிந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

அப்புறம் நேரம் மாறத் தொடங்கியது. ராத்திரி வந்த குடைச்சல் விளக்கேற்றும் நேரத்துக்கே வந்தது. பிறகு மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தாலே வந்தது. கைகளுக்கும் ஏறியது. அப்போது பார்த்த மருத்துவர் டோஸைக் கூட்டினார். கொஞ்ச நாள் அடங்கி, முன்னைவிடச் சீக்கிரமே வந்தது. மறுபடி கூட்டினார்.

மதுரையில் நரம்பியல் மருத்துவர் ஒருவர்தான் சொன்னார், இதற்கு ஆக்மென்டேஷன் என்று பெயர். நோய் தானாக முற்றவில்லை, மருந்தே அதை முற்றவைக்கிறது. மூளையில் சுரக்கும் டோபமினைப் போல வேலை செய்யும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் எல்லாவற்றிலும் இது உண்டு. லெவோடோபாவில் மிக அதிகம். டோஸும் வருஷமும் கூடக்கூட ஆபத்தும் கூடும். 2014இல் வந்த ஓராண்டு ஆய்வில் 0.5 மில்லிகிராம் பிராமிபெக்சோல் சாப்பிட்டவர்களில் 7.7 சதவீதம் பேருக்கு இது வந்தது. வேறு வகை மருந்தான பிரிகாபலின் சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதம். அது ஒரு வருஷக் கணக்குதான், நாம் சாப்பிடுவதோ வருஷக்கணக்கில். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2025 வழிகாட்டி, பிராமிபெக்சோலை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. சீட்டு எழுதும்போதே இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிராமிபெக்சோலின் மற்ற தொந்தரவுகளில், குமட்டலும் எழுந்தால் தலைச்சுற்றலும் எனக்குப் பெரிதாக இல்லை. ஆனால் உயரமான நிலைப்படி உள்ள வீட்டில் வயதானவர்கள் ராத்திரி எழும்போது துணை வேண்டும். குமட்டலுக்கு மெட்டோகுளோபிரமைடு கொடுத்தால் அது டோபமினைத் தடுத்துக் குடைச்சலையே கூட்டும். மெடிக்கலில் சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் மாத்திரைகளும் குடைச்சலைக் கூட்டலாம். பகலில் திடீரென்று தூக்கம் சாய்க்கலாம் என்பதால், அப்பச்சி இதைச் சாப்பிடத் தொடங்கியிருந்தால் வண்டி ஓட்டுவதை உடனே நிறுத்தச் சொல். இன்னொன்று, சிலருக்குச் சூதாட்டம், அடங்காத செலவு, கட்டுப்படாத சாப்பாடு என்று ஏதாவது பிடித்துக்கொள்ளும். சாப்பிடுபவருக்கே அது தெரியாமல் போகலாம். கவனிக்க வேண்டியவர்கள் வீட்டார்தான்.

எனக்கு மெதுவாகக் குறைத்து, பிரிகாபலினுக்கு மாற்றினார்கள். கடைசித் துண்டை விட்ட ராத்திரிகள்தான் எல்லாவற்றிலும் மோசம். சட்டென்று நிறுத்தக் கூடாது என்பது அப்போதுதான் உடம்புக்கே புரிந்தது. பிரிகாபலினும் சாது இல்லை: காலையில் கிறுகிறுப்பு, கணுக்கால் வீக்கம், எடை. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு டோஸ் குறைக்க வேண்டும். நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மூச்சு மந்தமாகும் ஆபத்தும் உண்டு. ஆனால் மத்தியானம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

இவ்வளவு திட்டியும், பிராமிபெக்சோலைக் கெட்ட மருந்து என்று சொல்ல மனம் வரவில்லை. நான் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் கல்யாண விருந்து அது கொடுத்ததுதான். இன்று யாராவது அந்த முதல் வருஷத்தை மட்டும் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

அப்பச்சி இன்னும் தொடங்கவில்லை என்றால் இப்போது வேண்டாம்; தொடங்கியிருந்தால் தானாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். எழுதிக் கொடுத்தவரிடமே போய், முதலில் ஃபெரிட்டின் என்கிற, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். லேப் சீட்டில் 30 இருந்தாலும் நார்மல் என்றே அச்சாகி வரும்; இந்த நோய்க்கு 75 வரைக்கும் குறைவுதான், இரும்புச் சத்து கொடுப்பார்கள். அந்த மாத்திரையோடு டீயோ காபியோ கொடுத்துவிடாதே.