ஆயிலில் மிச்சம் பிடித்தேன், டயரில் போனது: மூன்று வருட மின்சார கார் அனுபவம்

போன வாரம் நண்பன் கேட்டான்: "மாப்ள, ஆயில் கிடையாது, ஆயில் ஃபில்டர் கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. அப்புறம் உன் கார்ல மெயின்டெனன்ஸ்னு என்னதான் இருக்கு?" நான் நாலு டயரையும் மாற்றிவிட்டு வந்த நேரம் அது. அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு ஓட்டம், அவ்வப்போது திண்டுக்கல், தேனி. வருடாந்திர சர்வீஸ் பில் ஐந்தாயிரத்தைத் தாண்டியதே இல்லை. முன்பு வைத்திருந்த டீசல் வண்டிக்கு இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் அழுதிருக்கிறேன். ஏசி ஃபில்டர், வைப்பர், கூலன்ட் அளவு, பிரேக் ஆயில், பொதுவான செக்கப், அவ்வளவுதான் வேலை. பேட்டரியைக் குளிர வைக்கும் கூலன்ட்டில் மட்டும் விளையாடக் கூடாது, கம்பெனி சொன்னதைத்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயிலையும் 'அதிகம் ஓடவில்லையே' என்று தள்ளிப்போடாதீர்கள். வண்டி சும்மா நின்றாலும் அது ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

பிரேக் பேட் விஷயத்தில் உண்மையிலேயே அசந்துபோனேன். டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றியபோது குனிந்து பார்த்தேன். பேட் பாதிகூடத் தேயவில்லை. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கில் கால் வைப்பதே அபூர்வம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது, அந்தச் சக்தி பேட்டரிக்குப் போகிறது. அடிவாரம் வருவதற்குள் சார்ஜ் கொஞ்சம் ஏறியிருப்பதைப் பார்ப்பது தனி சந்தோஷம். (மலை மேலேயே முழு சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லாவிட்டால் அந்தப் பிடிப்பு கிடைக்காது.)

சரி, டயருக்கு வருகிறேன்.

முப்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிக் கொஞ்ச நாளில் வண்டியில் ஒரு இரைச்சல். பைபாஸ் ரோட்டில் டயர் கடைக்காரர் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடிக்கச் சொன்னார். "அண்ணே, உள்பக்கம் கையை விட்டுப் பாருங்க." வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் (டயரின் மேடு பள்ளம்) நன்றாகத்தான் தெரிந்தது. உள் விளிம்பில் விரலை ஓட்டினால் வழுவழு. ஓர் இடத்தில் கம்பியே குத்தியது. அந்த டயரோடுதான் நான்கு வழிச்சாலையில் குடும்பத்தை வைத்து ஓட்டியிருக்கிறேன். நினைத்தால் இன்னும் கோபம் ஆறவில்லை.

ஏனென்றால் ஒவ்வொரு சர்வீஸிலும் அலைன்மென்ட் (சக்கரத்தின் கோணத்தைச் சரிசெய்வது), டயர் ரொட்டேஷன் (டயர்களை இடம் மாற்றிப் போடுவது) இரண்டுக்கும் பில்லில் காசு வாங்கியிருக்கிறார்கள். 'செக்டு, ஓகே' என்று டிக் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர்கூட உள்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த லேபருக்கு 18% ஜிஎஸ்டி வேறு.

டயர் சீக்கிரம் தேய்வதற்கு வண்டியிலேயே காரணம் உண்டு, அதை மறுக்கவில்லை. அதே அளவு பெட்ரோல் வண்டியைவிட, பேட்டரியால் இதன் கனம் கூடுதல். மிதித்த நொடியிலேயே மோட்டாரின் முழு இழுவை சக்கரத்துக்கு வந்துவிடுகிறது. என் வண்டியில் இழுப்பதும் முன்சக்கரம், காலை எடுத்தால் பிடிப்பதும் முன்சக்கரம். இதெல்லாம் தெரிந்தவர்கள்தானே சர்வீஸ் சென்டரில் இருக்கிறார்கள்?

அடுத்த கூத்து, டயர் கிடைக்கவில்லை. 215/60 ஆர்16 அளவு எல்லாக் கடையிலும் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் 95 என்று போட்டிருந்தால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும், 99 என்றால் 775 கிலோ. என் வண்டியில் வந்தது 99. "95 போட்டுக்கலாம்ணே, ஒண்ணும் ஆகாது" என்றார்கள் மூன்று கடைகளில். ஒண்ணும் ஆகாது என்று எப்படிச் சொல்ல முடிகிறது? வண்டியின் எடையைத் தாங்குவது அந்த எண்தான். கடைசியில் வெளியூரிலிருந்து வரவழைத்தேன். பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தை ஒட்டி வந்தது.

டீசல் வண்டியில் முதல் செட் டயர் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் உழைத்தது. சர்வீஸில் மூன்று வருடம் சேர்த்த மிச்சம் முழுவதையும் இந்த ஒரு பில் விழுங்கிவிட்டது. ஓட்டுவதற்கு இதைப்போல் வண்டி நான் வைத்திருந்ததில்லை, பிரேக் பேடுக்கு இன்னும் பல வருடம் செலவே வராது. இருந்தாலும் மெயின்டெனன்ஸ் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக இதை வாங்கலாமா என்று இன்றைக்குக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த வண்டியின் டயர் எண்ணை எழுதிக்கொண்டு உங்கள் ஊர் டயர் கடைகளில் விசாரியுங்கள். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டியரிங்கை ஒடித்து நிறுத்தி, உள் விளிம்பை நீங்களே தொட்டுப் பாருங்கள்.