ஆர்க்கிட்டின் பெயரும் முழு வளர்ச்சி அளவும்: பெயரட்டை, செயலி, பூ, செடியின் உடல் – எதை எதற்கு நம்பலாம்?

ஏற்காட்டில் மே மாதக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாட்களில், கொண்டை ஊசி வளைவுகள் வழியாகச் சேலத்துக்கு இறங்கும் பலரின் கையில் ஒரு சிறிய ஆர்க்கிட் தொட்டியாவது இருக்கும். காளிம்பொங், சிக்கிம் நர்சரிகளிலிருந்து கூரியரில் வரவழைப்போரும் இப்போது சேலத்தில் நிறையவே உண்டு. செடி வீட்டுக்கு வந்ததும் எழும் கேள்விகள் இரண்டு: இதன் பெயர் என்ன, இது எவ்வளவு பெரிதாக வளரும்? பெயர் தெரிந்துவிட்டால் அளவும் தானாகத் தெரிந்துவிடும் என்று கருதி இரண்டையும் ஒரே கேள்வியாக நடத்துவதுதான் பொதுவான வழக்கம். அந்த வழக்கத்தை நான் ஏற்பதில்லை. பெயரைச் சொல்வதில் வல்ல சான்று ஒன்று, அளவைச் சொல்வதில் வல்ல சான்று வேறொன்று. நமக்குக் கிடைக்கும் சான்றுகள் நான்கு: தொட்டியில் செருகியிருக்கும் பெயரட்டை, கைப்பேசியில் படம் எடுத்துப் பார்க்கும் செயலி, பூ, பூக்காத நிலையிலும் கண்முன் நிற்கும் செடியின் உடல்.

பெயரட்டையிலிருந்து தொடங்கலாம். முழுமையாக எழுதப்பட்ட பெயரட்டைக்கு நிகரான சான்று வேறில்லை. ஆனால் முழுமையாக எழுதப்பட்டது எது என்பதை அறிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய பெயரட்டையில் பேரினப் பெயரை அடுத்து வரும் சொல் சிறிய எழுத்தில் (lower case) தொடங்கினால் அது இயற்கையில் உள்ள சிற்றினம். பெரிய எழுத்தில் (capital) தொடங்கினால் அது மனிதர் செய்த கலப்பின் பெயர். இதை கிரெக்ஸ் என்பார்கள். அதற்குப் பின் ஒற்றை மேற்கோள் குறிக்குள் ஒரு பெயரோ எண்ணோ இருந்தால் அது தனி ஒரு செடியையும், அதிலிருந்து திசு வளர்ப்பில் பெருக்கிய அதன் குளோன்களையும் குறிக்கும். 'டென்ட்ரோபியம் சோனியா' என்பது கலப்பின் பெயர்; கொய்மலருக்காகப் பெருமளவில் வளர்க்கப்படும் சோனியா 17, சோனியா 28 என்பவை அந்தக் கலப்பிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தனித்தனிக் குளோன்கள்.

அளவைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. ஒரே விதைக்காயிலிருந்து முளைத்த நூற்றுக்கணக்கான நாற்றுகளும் ஒரே கிரெக்ஸ் பெயரையே தாங்கும். அவற்றில் ஒன்று தாய்ச்செடியைப் போலக் குட்டையாகவும் இன்னொன்று தந்தைச் செடியைப் போல நெட்டையாகவும் வளர்ந்தாலும் இரண்டின் பெயரட்டையிலும் அதே பெயர்தான் இருக்கும். ஆகவே மேற்கோள் குறிக்குள் குளோன் பெயர் இருக்கும் செடிக்கு, அதே குளோனை வளர்த்தவர்கள் சொல்லும் அளவைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கிரெக்ஸ் பெயர் மட்டும் இருக்கும் நாற்றுக்கு ஓர் எல்லைக்குள்தான் மதிப்பிட முடியும்.

அந்த எல்லையைக் கணிக்கப் பெற்றோர் தெரிந்தாக வேண்டும். ஆர்க்கிட் கலப்புகளின் உலகப் பதிவேட்டை 1961 முதல் இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி பராமரித்து வருகிறது. அதற்கு முன் சாண்டர் என்ற ஆர்க்கிட் வணிக நிறுவனத்தின் பட்டியல்களே அந்தப் பணியைச் செய்தன. இணையத்தில் எவரும் கட்டணமின்றிச் சொசைட்டியின் பதிவேட்டில் தேடலாம். கலப்பின் பெயரைக் கொடுத்தால் பெற்றோர் யார், பதிவுசெய்த ஆண்டு எது என்பது வந்துவிடும். செடி எத்தனை சென்டிமீட்டர் வளரும் என்ற விவரம் மட்டும் அங்கே இராது. பெற்றோரின் அளவுகளைக் கூட்டி இரண்டால் வகுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கலப்பினம் செய்வோர் நம்பும் கணக்கு வேறு: இரண்டு அளவுகளையும் பெருக்கி அதன் வர்க்கமூலத்தை எடுப்பது. 10 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒன்றையும் 40 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒன்றையும் கலந்தால், பிள்ளைகளின் சராசரி 25 அல்ல, ஏறத்தாழ 20 என்றே எதிர்பார்க்க வேண்டும். சிறிய பெற்றோரின் இழுப்பு நாம் நினைப்பதைவிட வலியது. குட்டைச் செடிகளை உருவாக்க விரும்புவோர் ஒரு மிகச் சிறிய சிற்றினத்தைத் தேடிப் பிடித்துக் கலப்பது இதனால்தான்.

பெயரட்டையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் பல பேரினங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. சோஃப்ரோனிட்டிஸ் என்ற சிறிய செடிகளின் பேரினம் கேட்லியாவில் சேர்ந்தது. அஸ்கோசென்ட்ரம் வாண்டாவில் சேர்ந்தது. டோரிட்டிஸ் ஃபெலனாப்சிஸில் சேர்ந்தது. உறவுமுறையை உள்ளபடி காட்டுவதால் இந்த மாற்றங்கள் சரியானவைதான். ஆனால் பழைய பெயர்கள் அளவைப் பற்றிய ஒரு செய்தியையும் தம்முள் வைத்திருந்தன. பெயரட்டையில் 'அஸ்கோசென்டா' என்றிருந்தால், குட்டையான அஸ்கோசென்ட்ரத்தின் இரத்தம் இதில் இருக்கிறது, பெரிய வாண்டாவைப் போல இது இடத்தை அடைக்காது என்று படித்த உடனே புரியும். இன்று அதே செடிக்கு 'வாண்டா' என்று மட்டும் எழுதப்படுவதால் அந்தச் செய்தி மறைந்துவிடுகிறது. எனவே பழைய பெயரட்டையுடன் வந்த செடிக்குப் புதிய பெயரை எழுதும்போது பழையதைத் தூக்கி எறியாமல் பின்பக்கத்தில் எழுதி வைப்பதே முறை.

பேரினப் பெயர் மட்டும் தெரிந்தால் அளவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதற்குக் கிராமடோஃபில்லம் நல்ல சான்று. அதில் ஸ்பெசியோசம் என்ற இனத்தின் தண்டு 2 மீட்டரையும் தாண்டும். ஸ்கிரிப்டம் என்ற இனத்தின் போலிக்குமிழ் (நீரைச் சேமிக்கும் தடித்த தண்டு) ஒரு சாண் அளவில் நின்றுவிடும். மாடியில் இடம் பார்த்து வாங்குபவருக்கு இந்த இரண்டில் எது என்பது தெரியாமல் 'கிராமடோஃபில்லம்' என்ற பெயர் மட்டும் கிடைப்பதால் ஒரு பயனும் இல்லை.

கைப்பேசிச் செயலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூத்த செடியின் பேரினத்தை அது பெரும்பாலும் சரியாகக் காட்டும். அந்த அளவுக்கு அது உதவிதான். கலப்பினத்தின் பெயரைக் காட்டுவதில் அதை நம்ப முடியாது, ஏனெனில் வெவ்வேறு பெற்றோருக்குப் பிறந்த நூற்றுக்கணக்கான ஊதா டென்ட்ரோபியங்களும் வெள்ளை ஃபெலனாப்சிஸ்களும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். கலப்பினத்தின் படத்தைக் கொடுத்தாலும் அது ஒரு சிற்றினப் பெயரைத் தந்துவிடுவதுண்டு. அந்தச் சிற்றினத்துக்கு நூல்களில் சொல்லப்பட்ட அளவை நம் செடிக்குப் பொருத்திப் பார்த்தால் கணிப்பு முற்றிலும் தவறிவிடும். பெயரில்லாமல் வந்த கலப்பினத்தை 'நோ-ஐடி' என்றே எழுதி வைப்பது, ஊகித்த பெயர் ஒன்றைச் சூட்டுவதைவிட எவ்வளவோ மேல். தவறான பெயர் ஒருமுறை அட்டையில் ஏறிவிட்டால், அதிலிருந்து பிரித்துக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டோடும் அது பயணம் செய்யும்.

இயற்கைச் சிற்றினங்களுக்குப் பூவே இறுதித் தீர்ப்பு. இதைச் சேர்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் நன்றாக உணரலாம். மரக்கிளையில் தடித்த வேர்களோடு, இருபுறமும் வார் போன்ற இலைகளை அடுக்கி நிற்கும் ஒரு செடியைப் பார்த்தால் அது வாண்டா டெசெலாட்டாவாகவும் இருக்கலாம், வாண்டா டெஸ்டாசியாவாகவும் இருக்கலாம், அகாம்பே பிரேமோர்சாவாகவும் இருக்கலாம். இலைகள் மிகத் தடிப்பாகத் தோல் போலிருந்தால் அகாம்பே என்றும், நடுவே மடிந்து குறுகலாக இருந்தால் வாண்டா என்றும் ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் வெயிலில் வளர்ந்த செடியின் இலை எப்படியும் தடித்துவிடும். பூத்துவிட்டால் ஐயமே எழாது. டெசெலாட்டாவின் பூ 4 முதல் 5 சென்டிமீட்டர் அகலமும் இதழில் பழுப்பு நிறக் கட்டங்களும் நீலஊதா உதடும் (மற்ற இதழ்களிலிருந்து வேறுபட்ட கீழ் இதழ்) கொண்டது. டெஸ்டாசியாவின் மஞ்சள் பூ அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அகாம்பேயின் பூவும் சிறியதுதான். அதன் மஞ்சள் இதழ்களில் செம்பழுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடும்.

நிறமும் வடிவமும் போதாத இடத்தில் பூவின் உள்ளே பார்க்க வேண்டும். பூவின் நடுத்தூணின் நுனியில் ஒரு சிறிய மூடி இருக்கும். பல்குத்தும் குச்சியின் முனையை அதன் அடியில் கொடுத்து மெல்ல மேலே தூக்கினால், மூடி கழன்று, மெழுகுபோன்ற மஞ்சள் மகரந்தத் திரள்கள் குச்சியில் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை ஒரு கறுப்புக் காகிதத்தில் வைத்து லென்சால் எண்ணலாம். வாண்டாவில் 2, டென்ட்ரோபியத்தில் 4, எரியாவில் 8. பூக்காதபோது டென்ட்ரோபியம் என்று தவறாகக் கருதப்படும் எரியாக்களை இந்த எண்ணிக்கை உடனே காட்டிக்கொடுத்துவிடும். கேட்லியாவில் 4, லேலியாவில் 8 என்ற பழைய வேறுபாடும் இந்த எண்ணிக்கையை வைத்தே எழுந்தது. இத்தனை உறுதியோடு பெயரைச் சொல்லும் பூ, செடியின் அளவைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே சொல்வதில்லை. முதன்முறை பூக்கும் செடி பெரும்பாலும் முழு வளர்ச்சியை எட்டியிராது. பூத்துவிட்டதே, இனி வளராது என்று எண்ணிச் சிறிய இடத்தில் வைப்பவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இடம் மாற்ற வேண்டிவரும்.

அளவுக்கு நான் முதலிடம் கொடுப்பது செடியின் உடலுக்குத்தான். டென்ட்ரோபியம், கேட்லியா, ஒன்சிடியம் போன்றவை ஒவ்வொரு பருவத்திலும் அடியிலிருந்து புதிய போலிக்குமிழ் ஒன்றை விட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து வளர்பவை. நாற்றுப் பருவத்தில் ஒவ்வொரு புதுக்குமிழும் முந்தையதைவிட உயரமாக வரும். பழைய குமிழிலிருந்து புதியது வரை வரிசையாக அளவுகோலால் அளந்து பார்த்தால் செடியின் வரலாறே கிடைத்துவிடும்: 4, 7, 12 சென்டிமீட்டர் என்று ஏறிக்கொண்டே போனால் செடி இன்னும் வளர்ச்சியில் இருக்கிறது, 28, 30, 30 என்று நின்றுவிட்டால் அதுவே அதன் முழு அளவு. கடைசிக் குமிழ்கள் சிறுத்துக்கொண்டே வந்தால், செடி குட்டை வகை என்று முடிவுசெய்யாமல் வேரைப் பார்க்க வேண்டும். அழுகலோ ஊட்டக்குறைவோ இருக்கும். பிரித்து நட்ட துண்டில் முதலில் வரும் தளிரும் வழக்கமாகச் சிறியதாகவே வரும் என்பதால், அங்கே அளக்க வேண்டியது பழைய குமிழைத்தான்.

பூத்தண்டு இருந்த தழும்பையும் தேட வேண்டும். ஃபெலனாப்சிஸ் வகை டென்ட்ரோபியத்தில் (ஃபெலனாப்சிஸ் போன்ற பூ கொண்ட டென்ட்ரோபியம்) தண்டின் நுனியருகே காய்ந்த சிறு குச்சிபோல அது நிற்கும். நோபிலே வகை டென்ட்ரோபியத்தில் இலை உதிர்ந்த தண்டின் கணுக்களில் வரிசையாகத் தெரியும். தழும்பு எங்கே இருக்கிறது என்பதே செடி எந்தப் பிரிவு என்பதைச் சொல்லிவிடுவதால், பெயர் தேடும் வேலையும் பாதி முடிகிறது. இலையுறையில் கருநிற மயிர் படர்ந்திருந்தால் ஃபார்மோசம் பிரிவு என்று கொள்ளலாம். கேட்லியாவில் ஒரு குமிழுக்கு ஓர் இலையா இரண்டு இலையா என்பது பிரிவைக் காட்டும். இரண்டு இலைப் பிரிவில் சில, கரும்புத் தண்டுபோல ஒரு மீட்டர் வரை உயர்பவை.

வாண்டா, ஃபெலனாப்சிஸ் போன்ற ஒற்றைத் தண்டு ஆர்க்கிட்டுகளில் இந்தக் குமிழ்க் கணக்கு செல்லாது. அவை நுனியில் வளர்ந்துகொண்டே இருப்பதால், உயரம் என்பது வயதைக் காட்டுமே ஒழிய வகையைக் காட்டாது. அங்கே பார்க்க வேண்டியது இலைவீச்சு: இடது இலை நுனியிலிருந்து வலது இலை நுனி வரை உள்ள அகலம். அடுத்தடுத்த இரண்டு மூன்று புதிய இலைகள் ஒரே நீளத்தில் நின்றால் அந்த அகலத்தை முழு அளவு எனக் கொள்ளலாம். விற்பனையாளர் சொல்லும் '2 அங்குலத் தொட்டி', '3 அங்குலத் தொட்டி' என்பது வேர் இன்று எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. 'பூக்கும் அளவு', 'பூக்கும் அளவை நெருங்கியது' என்று அவர்கள் சொல்வது அதைவிடப் பயனுள்ள தகவல் என்றாலும், தழும்பு இல்லாமல் அந்தச் சொல்லை நான் முழுதாக ஏற்க மாட்டேன்.

இடத்தின் தாக்கத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. சில்வர் ஓக் நிழலில் காப்பித் தோட்டத்தின் ஈரத்தில் வளர்ந்த செடியின் இலை நீண்டு, மென்மையாக, கரும்பச்சையாக இருக்கும். அதே செடியின் ஒரு துண்டு சேலத்து மாடியில் 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் வளர்ந்தால் இலை குறுகித் தடித்து மஞ்சள்பச்சையாக மாறும். மலையில் அளந்த இலைவீச்சைச் சமவெளிக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. நோபிலே வகைக்கு இன்னொரு தடையும் உண்டு: குளிர்கால இரவின் குளிர்ச்சி கிடைக்காவிட்டால் அது சேலத்தில் உயரமாக வளர்ந்தாலும் பூக்கத் தயங்கும், பூக்காத செடிக்குப் பெயரை உறுதிசெய்யும் வாய்ப்பும் கிடைக்காது. வெப்பத்தைத் தாங்கும் ஃபெலனாப்சிஸ் வகை டென்ட்ரோபியமே சேலத்து மாடிக்கு என் தேர்வு.

பூக்காத செடியை வாங்குபவர் முதலில் பெயரட்டையில் பெற்றோரும் குளோன் பெயரும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் குமிழ் வரிசையையும் தழும்பையும் பார்த்து அளவை மட்டும் முடிவுசெய்துகொண்டு, பெயரைப் பூக்கும் வரை ஒத்திவைக்க வேண்டும். பூத்த நோ-ஐடி கலப்பினத்தை வாங்குபவர் பெயரைத் தேடி அலைவதைவிட, உடலை அளந்து ஒளியும் இடமும் சரியாகக் கொடுப்பதே பயன். மலையில் மரத்தில் கண்ட இயற்கைச் செடியைப் பறிக்கவே கூடாது. பூவை முன்பக்கமும் பக்கவாட்டிலும் ஓர் அளவுகோலோடு படம் எடுத்தால் போதும். அந்தப் படத்தோடு ஒப்பிட முழு வளர்ச்சி அடைந்த செடிகள் ஏற்காட்டிலேயே இருக்கின்றன: இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் காப்பகம் 1960-களிலிருந்து அங்கே இயங்குகிறது. தென்னிந்தியச் சிற்றினம் ஒன்று நம் தட்பவெப்பத்தில் உண்மையில் எவ்வளவு வளர்கிறது என்பதற்கு, வேறு நாட்டின் கண்ணாடிக் கூடத்தில் அளந்து நூலில் அச்சிட்ட எண்ணைவிட அங்கே பெயரோடு நிற்கும் செடியே எனக்கு ஏற்புடைய அளவுகோல்.