ஆண்டுக்கொரு போட்டியா, வாரத்துக்கொரு கணக்கா?

பாடசாலையில் செய்நிரல் போட்டிப் பழக்கத்தை, அதாவது கொடுத்த கணக்கைக் கணினிச் செய்நிரல் எழுதித் தீர்க்கும் பழக்கத்தை, வளர்க்க நினைக்கும் ஆசிரியருக்கு இரண்டு வழிகள் தென்படும். சுற்றியுள்ள பாடசாலைகளை அழைத்து ஆண்டுக்கு ஒருமுறை பெரிய போட்டி வைக்கலாம். அல்லது கரும்பலகையும் ஒரு மடிக்கணினியுமாக வாரம் ஒரு கணக்கை எடுத்து உட்கார்ந்து தீர்க்கலாம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் எனக்கு இரண்டையும் நடத்த ஆள்பலம் இல்லை. வாரக் கணக்கைத் தேர்ந்தோம். என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரிய போட்டியின் சிறப்புகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கேடயம், சான்றிதழ், பெற்றோர் வருகை, பத்திரிகையில் ஒரு படம். அதிபரிடம் அனுமதி வாங்குவதும் நன்கொடை கேட்பதும் சுலபம். அனுப்பும் செய்நிரலை ஓட்டிப் பார்த்துச் சரி, பிழை சொல்லும் ஹக்கர்ராங்க் போன்ற இணையத்தளத்தில் போட்டிப் பக்கம் அமைக்கவும் செலவில்லை.

ஆனால் கணக்குகளை யார் ஆக்குவது? ஒரு கணக்குக்குக் கேள்வி எழுதினால் மட்டும் போதாது. சரியான தீர்வு வேண்டும்; தோற்க வேண்டிய மெதுவான தீர்வு ஒன்றையும் எழுதி, அது தோற்கிறதா என்று பார்க்க வேண்டும்; மிகச் சிறியது, மிகப் பெரியது, எல்லாம் ஒரே எண்ணாக வருவது என்று சோதனைத் தரவுகள் வேண்டும். நான் உதவிக்குப் போயிருந்த ஒரு போட்டியில் ஒரேயொரு தரவின் விடை பிழையாக இருந்தது. சரியாகத் தீர்த்த அணிகளுக்கெல்லாம் ‘பிழை’ என்று வந்தது. பிற்பகல் முழுவதும் பஞ்சாயத்துத்தான். தவிர, மாணவர்கள் இதற்கு ஆயத்தமாகும் விதம் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு மனனம் செய்வதைப் போன்றது: இரண்டு வாரம் பரபரப்பு, பிறகு அடுத்த ஆண்டுவரை யாரும் வாய் திறப்பதில்லை.

வாரக் கணக்குக்கு நாங்கள் எடுப்பது ஜப்பானின் அட்கோடர் தளத்தின் தொடக்கநிலைப் போட்டிகளை. ஒரு போட்டி 100 நிமிடம். இப்போது இலேசான ‘ஏ’ முதல் கடினமான ‘ஜீ’ வரை 7 கணக்குகள். ஜப்பானில் இரவு 9 மணிக்குத் தொடங்கும் போட்டி இங்கே மாலை 5.30க்கு வரும், 7.10க்கு முடியும். அதற்குள் பொகவந்தலாவ, மஸ்கெலியாப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓட வேண்டும். அதனால் நேரடிப் போட்டியை விட்டுவிட்டுப் பழைய கணக்குகளைச் சனிக்கிழமை காலையில் எடுக்கிறோம். போட்டி முடிந்த பிறகும் தளம் தீர்வுகளை ஏற்றுத் திருத்தித் தருகிறது. மற்றவர்கள் எழுதிய தீர்வுகளையும் திறந்து படிக்கலாம். கோட்ஃபோர்சஸ் என்ற இன்னொரு தளத்தின் போட்டிகள் பெரும்பாலும் நம் நேரம் இரவு 8.05க்குத் தொடங்கி 10 மணிக்கு மேலும் நீளும். லயத்து வீட்டில், ஒரே அறையில், வீட்டுக்கே ஒரு கைபேசியை வைத்துக்கொண்டு அதை எழுதச் சொல்வது நியாயமில்லை. பித்துப் பிடித்த ஓரிருவர் எப்படியோ எழுதுகிறார்கள், அவர்களைத் தடுப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். ஆங்கிலத்தில் உள்ள கணக்கைப் பலகையில் தமிழில் எழுதுவோம்: ‘ஓர் எண்வரிசை தரப்பட்டுள்ளது. சமமான எண்களைக் கொண்ட சோடிகள் எத்தனை?’ கீழே வரம்பு: 200,000 எண்கள் வரை, செய்நிரல் ஓடி முடிக்க நேரம் 2 செக்கன். உயர்தரத்தில் பைத்தன் என்ற செய்நிரல் மொழியைப் படிக்கும் பிள்ளைகள் உடனே ஒரு சுற்றுக்குள் (ஒரே படியைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) இன்னொரு சுற்றைப் போட்டு, ஒவ்வொரு சோடியையும் ஒப்பிடுவார்கள். மாதிரித் தரவுக்கு விடை சரியாகவே வரும். சமர்ப்பித்தால் ‘நேரம் கடந்தது’. அப்போதுதான் வரம்பு வரியைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஏறத்தாழ 2,000 கோடிச் சோடிகள். பைத்தன் ஒரு செக்கனில் சுமார் ஒரு கோடி எளிய படிகள் செய்யும் என்று வைத்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

பிறகு ஒரு மாணவி பலகைக்குப் போய் 3, 5, 3, 3 என்று எழுதி இடமிருந்து வலமாக நடந்தாள். ஒவ்வோர் எண்ணையும் இதற்கு முன் எத்தனை தடவை கண்டோம் என்று அதன் கீழே குறித்தாள்: 0, 0, 1, 2. கூட்டினால் 3. ஒரே சுற்று; எண்ணிக்கையை வைத்திருக்க ஓர் அகராதி, அதாவது ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரு மதிப்பைக் குறித்துவைக்கும் பைத்தன் அமைப்பு. பாடப்புத்தகத்தில் அகராதி என்றால் என்ன என்று ஏற்கெனவே படித்தவர்கள்தான் அவர்கள். அது எதற்கு உதவும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பலகையில் விளக்குவது கட்டாயம் என்பதால் இன்னொரு தொல்லையும் குறைகிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ஒட்டியவர் இரண்டாவது கேள்வியிலேயே மௌனமாகிவிடுவார். இணையவழி முதற்சுற்று வைக்கும் பெரிய போட்டியில் இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஆனால் என்னைத் தீர்மானிக்க வைத்தது இவை எதுவுமில்லை. நான் இல்லாவிட்டால் எது ஓடும் என்ற கேள்விதான். மலையகத்தில் ஆசிரியர் இடமாற்றம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நன்றாகச் செய்நிரல் எழுதும் மாணவர் உயர்தரம் முடித்ததும் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போய்விடுவார். பெரிய போட்டியைத் தாங்குவது இப்படிப்பட்ட இரண்டு மூன்று பேர்தான். அவர்கள் போனதும் கணக்கு ஆக்க ஆளில்லாமல் அடுத்த ஆண்டே கைவிடப்படும். வாரக் கணக்குக்கு ஆய்வுகூடத் திறப்பும் ஒரு கொப்பியும் போதும். கணக்கின் போட்டி இலக்கம், எழுத்து, விளக்கியவர் பெயர், எங்கே எல்லோரும் சறுக்கினார்கள் என்பவற்றைக் கொப்பியில் எழுதிவைக்கிறோம். நான் விடைத்தாள் திருத்தப் போயிருந்த வாரங்களில் தரம் 12 மாணவர் ஒருவர் அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டே நடத்தினார்.

இதே காரணத்துக்காகத் தரம் 10 பிள்ளைகளையும் சேர்க்கிறோம். உயர்தரத்தில் சேர்ந்த பிறகு தொடங்கினால், பழகி முடிவதற்குள் பரீட்சை வந்துவிடும். சாதாரண தரத்தில் அவர்கள் படிப்பது பாஸ்கல் என்ற செய்நிரல் மொழி; அட்கோடர் அதையும் ஏற்பதால் மொழியை மாற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வாரக் கணக்கால் பாடசாலை மாணவருக்கான உலகச் செய்நிரல் போட்டியான சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாட்டுக்கு ஆள் உருவாகுமா என்று கேட்டால், என் அனுபவம் அவ்வளவு தூரம் போகவில்லை. அங்கே இரண்டு நாள், நாளுக்கு 5 மணி நேரத்தில் 3 கணக்குகள். சி பிளஸ் பிளஸ் மொழி மட்டும். நாங்கள் பெரும்பாலும் ‘டீ’யைத் தாண்டுவதில்லை. அந்த இலக்குள்ளவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். கணினியே இல்லாத தோட்டப் பாடசாலையில் தாளில் தீர்த்துவிட்டு, யாராவது ஒருவர் பிறகு சமர்ப்பிக்கலாம் என்று நினைக்கிறேன், செய்து பார்த்ததில்லை.

அதிபர் போட்டியும் வேண்டும் என்று நின்றால், மூன்றாம் தவணையில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, கொப்பியில் உள்ள கணக்குகளையே எண்களை மாற்றாமல் கொடுங்கள். சோதனைத் தரவு ஏற்கெனவே இருக்கிறது. மறந்துவிட்டார்களா, விளங்கித்தான் செய்தார்களா என்பதும் தெரியும். கேடயம் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை.