மாண்டரின் வகுப்புக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்

கோலாலம்பூர் ஜாலான் பசாரில் மின்பொருள் உதிரிபாகக் கடை ஒன்றில் பதினேழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் சீனர்கள் என்பதால், மாண்டரின் பேசக் கற்றுக்கொண்டால் கொள்முதல் பொறுப்பு முழுவதையும் என்னிடம் விடுவதாக முதலாளி சொன்னார். தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்த எனக்கு, 43 வயது வரை அந்த மொழியில் ஒரு வாக்கியம் கூடத் தெரியாது. அந்த நேரத்தில்தான் புலனத்தில் ஒரு விளம்பரம் வந்தது: 60 நாளில் சரளமான மாண்டரின், தமிழிலேயே விளக்கம், முடிவில் எச்எஸ்கே என்ற சீனமொழித் தேர்வுக்கு நிகரான சான்றிதழ்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் அந்த நிலையம் இருந்தது. 24 வகுப்புகளுக்கு 1,800 ரிங்கிட்டும் பாடப்புத்தகத்துக்கு 60 ரிங்கிட்டும் ஒரே தவணையில் வாங்கிக்கொண்டார்கள். "அண்ணே, இன்றைக்குள் கட்டினால்தான் இந்த விலை" என்று முகப்பில் இருந்த தங்கை சொன்னதை நம்பி, மறுநாள் வரை யோசிக்காமல் கட்டினேன். எச்எஸ்கே என்பது சீன நாட்டின் அதிகாரபூர்வத் தேர்வு என்பதும், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் அத்தேர்வை எழுதித்தான் அந்தச் சான்றிதழைப் பெற முடியும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஒரு பயிற்சி நிலையம் தானே அச்சடித்துத் தரும் தாள் எதுவும் அதற்கு நிகராகாது.

பணத்தை விட எனக்கு அதிக வேதனை தந்தது அவர்கள் கற்பித்த முறை. மாண்டரினில் நான்கு தொனிகள் உண்டு. தொனி மாறினால் சொல்லே மாறிவிடும். அவர்களுடைய புத்தகமோ எல்லாவற்றையும் தொனிக்குறி இல்லாமல் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதில் ஒரு பக்கத்தில் 'வாங்கு' என்பதற்கு 'மாய்' என்றும், அடுத்த பக்கத்தில் 'விற்பனை செய்' என்பதற்கும் அதே 'மாய்' என்றும் இருந்தது. உண்மையில் முன்னது தாழ்ந்து எழும் தொனி, பின்னது உயரத்திலிருந்து சட்டென்று இறங்கும் தொனி. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று நான் கேட்டபோது, "பேசப் பேசத் தானாக வந்துவிடும், இப்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்றார் ஆசிரியர். ஐந்து வாரங்களுக்குள் எங்களுக்கு வந்த மூன்றாவது ஆசிரியர் அவர்.

ஒன்பதாவது வகுப்பு முடிந்த வாரத்தில், தொலைபேசியில் 14 பெட்டி கம்பி கேட்டேன். 40 பெட்டி வந்து இறங்கியது. பத்து என்பது ஏறும் தொனியில் 'ஷி', நான்கு என்பது இறங்கும் தொனியில் 'ஸி'. பதினான்கு 'ஷி ஸி', நாற்பது 'ஸி ஷி'. நம் ஊரில் பலர் இந்த இரண்டு ஒலிகளையும் ஏறத்தாழ ஒன்றாகவே உச்சரிப்பதால், பதினான்கையும் நாற்பதையும் பிரித்துக் காட்டுவது தொனி மட்டும்தான். முதலாளி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் 26 பெட்டிகளைத் திருப்பி அனுப்பிய லாரிச் செலவை நான்தான் கொடுத்தேன்.

அன்றே விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் காட்டினார்கள். இந்த இடத்தில்தான் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, தொடர்ந்து பெறவிருக்கும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் இடையிலேயே முடித்துக்கொள்ளலாம். மொத்தக் கட்டணத்தில் 5 விழுக்காட்டையும், அதுவரை பெற்ற சேவைக்கும் கையில் வைத்துக்கொண்ட பொருளுக்கும் உரிய தொகையையும் மட்டுமே அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். என் கணக்கில் ஒன்பது வகுப்புகளுக்கு 675 ரிங்கிட், 5 விழுக்காட்டுக்கு 90 ரிங்கிட். புத்தகத்துக்குத் தனியாகக் கொடுத்ததை நான் கேட்கவில்லை. மீதி 1,035 ரிங்கிட் எனக்குச் சேர வேண்டியது.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்ய 5 ரிங்கிட்தான் ஆயிற்று. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம். வழக்கறிஞரை அமர்த்தத் தேவையில்லை. பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் படம், விலகல் கடிதத்தின் நகல் ஆகியவற்றை இணைத்தேன். விசாரணைக்கு முந்தைய வாரம் நிலையமே அழைத்து 1,035 ரிங்கிட்டை வங்கியில் போட்டது.

இப்போது பூடுவில் ஓய்வுபெற்ற சீனப்பள்ளி ஆசிரியை ஒருவரிடம் மாதக் கட்டணத்தில் படிக்கிறேன். முதல் மூன்று வாரமும் தொனியைத் தவிர வேறெதையும் அவர் தொடவில்லை. என் வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்து, எந்தச் சொல்லுக்கு அது அசைய வேண்டும், எதற்கு அசையக் கூடாது என்று காட்டினார். நம் 'பா'வுக்குக் காகிதம் அசைவதில்லை; மூச்சைத் தள்ளிச் சொல்லும் அவர்களுடைய இன்னொரு 'பா'வுக்கு அது படபடக்கிறது. பழைய வகுப்பில் படிந்துபோன தவறான உச்சரிப்பை மாற்றத்தான் எனக்கு நெடுநாள் பிடிக்கிறது.

என்னோடு அந்த மாடியில் படித்தவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், பற்றுச்சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். மனுச் செய்ய மூன்று ஆண்டு அவகாசம் உண்டு.