அப்பாவுக்கு ஒரு ஹெட்போன்: ரிச்சி தெருவும் மயிலாப்பூர் மாடியறையும்

சென்ற மார்கழியில் மெல்பர்னிலிருந்து வந்து மூன்று வாரம் சென்னையில் இருந்தேன். வந்த மறுநாள் விடிகாலை சமையலறைப் பக்கம் போனால், அப்பா போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்துக் கச்சேரி கேட்டுக்கொண்டிருக்கிறார். டம்ளருக்குள் வைத்தால் சத்தம் கூடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கூடத்தான் செய்தது. ஆனால் அந்தத் துளி ஸ்பீக்கரில் வயலின் கீச்சென்று வந்தது, பாடகர் குரல் மூக்கால் வந்தது, மிருதங்கத்தின் தொப்பி, அதாவது அடிநாதம் தரும் இடப் பக்கத்தின் சத்தம், அறவே இல்லை. இருக்கவும் முடியாது. ஒரு கட்டைச் சுருதியில் (மேற்கத்திய இசையில் C) பாடும் ஆண் குரலுக்கான தம்புராவில் மந்தரத் தந்தி 65 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. போன் ஸ்பீக்கருக்கு அந்த ஆழமெல்லாம் எட்டாது. ஐம்பது வருடமாக சபா சபாவாக ஏறி இறங்கிய மனிதர் பாதிப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

“ரெண்டாயிரத்துக்கு மேல போச்சுன்னா எனக்கு வேண்டாம்பா” என்று அன்றே சொல்லிவிட்டார். அவருக்கு வயது 74. பேரம் படியாது என்று தெரியும். சரி, இரண்டாயிரத்துக்குள் நல்லது எது என்று பார்த்துவிடலாம் எனக் கிளம்பினேன்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போக மெட்ரோதான் சுகம். விமான நிலையத்திலிருந்து வரும் நீல வழித்தடத்தில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்தால் சில நிமிடம். ரிச்சி தெரு என்று ஒரே பெயராகச் சொல்கிறோமே தவிர நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சந்தை. ஞாயிற்றுக்கிழமை போய்விடாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வார நாளில் பதினொரு மணிக்குப் போனால் கூட்டம் சேர்வதற்குள் நின்று பேச முடிகிறது.

அன்று ஏழு கடை ஏறினேன். ஐந்தில் கேட்டுப் பார்க்க விடவில்லை. “பாக்ஸைப் பிரிச்சா எடுத்துக்கணும் சார்” என்பதுதான் பதில். அவர்கள் நிலை எனக்குப் புரிகிறது, பிரித்த பெட்டியை அடுத்த ஆள் வாங்க மாட்டான். ஆனால் காதில் வைக்காமல் ஹெட்போன் வாங்குவது கால் நுழைத்துப் பார்க்காமல் செருப்பு வாங்குகிற மாதிரி. ஒரு கடையில் பெரிய பிராண்டின் பெயர் அச்சிட்ட பெட்டியைப் பாதி விலைக்கு நீட்டினார்கள். கையில் எடுத்தால் காற்றாகக் கனத்தது. பில் கேட்டதும் “இது பில் இல்லாத ரேட்டு” என்றார். அப்படியே திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

ஆறாவது கடைத் தம்பி ஆசையாகத்தான் போட்டுக் காட்டினார். ஆனால் போட்டது பேஸ் முழுக்க ஏற்றிய ரீமிக்ஸ், அதுவும் முழு வால்யூமில். “பேஸ் எப்படி இருக்கு பாருங்க சார்!” இப்படிக் கேட்டால் எந்த ஹெட்போனும் நல்லாத்தான் இருக்கும். தாழ்ந்த சத்தத்தில் நம் காதுக்கு அடிநாதமும் உச்சமும் மங்கிக் கேட்கும், சத்தம் ஏற ஏற இரண்டும் எழுந்து வரும். 1933லேயே பிளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். அதனால் இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது ஒன்று ஒரு சொட்டு உரக்கப் பாடினாலும் அதுதான் உசத்தி என்று மனம் முடிவு கட்டிவிடும். இதற்கு நான் வைத்திருக்கும் வழி எளிது: போனில் சுருதி ஆப்பைத் திறந்து தம்புராவை ஓடவிட்டு, இரண்டிலும் ஒரே அளவாகக் கேட்கும்வரை வால்யூமைச் சரிசெய்துகொள்வேன். அதற்கப்புறம்தான் பாட்டு.

ஏழாவது, மாடிப்படி ஏறிப் போகிற சின்னக் கடை. உரிமையாளர் காட்சிக்கென்றே பிரித்து வைத்த செட்டுகளை ஒரு டிரேயில் அடுக்கி, ரப்பர் முனைகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் கொடுத்தார். என் போனிலேயே என் பாட்டைப் போட்டுக் கேட்கச் சொன்னார். அரை மணி நேரம் ஆனது, ஒரு முணுமுணுப்பும் இல்லை. சோனி எம்டிஆர் இசட்எக்ஸ்110 ஹெட்போன் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், மூன்ட்ராப் சூ 2 இயர்போன் இரண்டாயிரத்துக்கு உள்ளேயும் அங்கேயே வாங்கினேன். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து முறையான பில் கொடுத்தார். பணம் யுபிஐயில் போனது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், கனடா, அமெரிக்கா, பிரிட்டன், அமீரகம் உட்படப் பத்து நாட்டு எண்களை என்ஆர்ஐ வங்கிக் கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த 2023ல் வழி திறந்தார்கள். என் மெல்பர்ன் எண்ணிலேயே வேலை செய்தது, சில்லறைக்கு அலையவில்லை. ஆனால் வாரண்டி இந்தியாவுக்குள் மட்டும் என்று பெட்டியிலேயே இருந்தது. ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோக வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தெருவில் எனக்கு மறக்காத இடம் கடைகூட இல்லை, ஒரு மேசை. நான் கூடவே கொண்டுவந்திருந்த காஸ் (Koss) கேஎஸ்சி75 ஹெட்போனின் பிளக்கில் ஒயர் விட்டுப்போய் இடது பக்கம் விட்டு விட்டுக் கேட்டது. மெல்பர்னில் இதைத் தொட ஆள் கிடையாது, தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்கு என்பார்கள். படிக்கட்டுக்குக் கீழே, ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு சால்டரிங் இரும்பு, அவ்வளவுதான் அந்த ரிப்பேர்காரர் கடை. பழைய பிளக்கை நறுக்கினார், ரப்பர் உறையை உரித்தார். உள்ளே தலைமுடி கனத்தில் மூன்று கற்றை: சிவப்பு, பச்சை, செம்பு நிறம்.

“எந்த ஒயர் எதுன்னு எப்படிண்ணா தெரியும்?”

“செவப்பு ரைட்டு, பச்சை லெஃப்டு, செம்பு கிரவுண்டு சார். ஆனா டெஸ்ட் பண்ணாம நம்ப மாட்டேன்.”

அந்தக் கம்பிகளின் மேல் நிறமாகத் தெரிவது வார்னிஷ். அதை எரிக்காவிட்டால் ஈயம் பிடிக்காது. இரும்பின் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி நிறுத்தி, அதற்குள் ஒவ்வொரு கற்றையையும் முக்கி முக்கி எடுத்தார். லேசாகப் புகை வந்தது, நிறம் போய் நுனி வெள்ளியாகப் பளபளத்தது. புது பிளக்கின் மூன்று காதுகளில் ஒட்டி, மீட்டரில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, மூடியைத் திருகிக் கொடுத்தார். பதினைந்து நிமிடம், நூற்றைம்பது ரூபாய். இந்தப் பயணத்தில் நான் கொடுத்த பணத்தில் மனம் நிறைந்து கொடுத்தது இதுதான்.

ஒரு இடத்தில் ஏமாந்தேன். அப்பா போனில் ஹெட்போன் துளை இல்லை, டைப்-சி மட்டும்தான். வேறொரு கடையில் நூற்றிருபது ரூபாய்க்கு ஒரு கனெக்டர் கொடுத்தார்கள். “எல்லா போனுக்கும் வரும்” என்றார்கள். வீட்டில் செருகினால் சத்தமே இல்லை. அந்த மாதிரிக் கனெக்டர் வெறும் ஒயர் மாற்றிதான், போனுக்குள்ளிருந்தே அனலாக் ஒலி வந்தால்தான் பேசும். பல போன்களில் அது வராது. டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் டாக் சிப் உள்ளே வைத்த கனெக்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். மறுநாள் போய்க் கேட்டபோது மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். மாடிக் கடைக்காரரிடமே டாக் உள்ளது வாங்கினேன்.

இனி ஒலி விஷயத்துக்கு வருகிறேன். மயிலாப்பூரில் அத்தை வீட்டு மாடியறையில் அத்தை மகன் மிருதங்கம் சாதகம் செய்வான். எந்தப் பதிவைக் கேட்டு ஒப்பிட்டாலும், பதிவு செய்த இடத்தில் அது எப்படி ஒலித்தது என்று நமக்குத் தெரியாது. அதனால் அவனையே வாசிக்கச் சொல்லி, அவனுடைய கையடக்க ரெக்கார்டரில் பதிவு செய்து, அங்கேயே அடுத்தடுத்துக் கேட்பது என்று முடிவு செய்தோம். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தொப்பியின் நடுவில் வட்டமாக அப்பி, ஈர விரலால் ஓரத்தை வழித்தான். ஒரு தட்டு, கொஞ்சம் ரவையைக் கிள்ளி எடுத்தான், மறுபடி ஒரு தட்டு. சத்தம் இறங்கி உருண்டு வந்ததும் தலையை ஆட்டினான். பத்து நிமிடம் வாசித்தான். பின்னணியில் பெட்டித் தம்புரா ஓடியது, கடைசியில் அத்தை வந்து நான்கு வரி பாடினார்.

முதலில், வீட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு புளூடூத் நெக்பேண்ட். தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி வழுக்கும் கும்கி என்ற அடியில், நாதம் தாழ்விலிருந்து மேலே ஏறி வர வேண்டும். இதில் அது ஏறவே இல்லை, ஒரே இடத்தில் தும் தும் என்று நின்றது. அத்தையின் குரல் அந்தத் தும்முக்குப் பின்னால் நின்று பாடியது. புளூடூத் என்பதால் இப்படி என்று சொல்ல மாட்டேன். எஸ்பிசி என்ற சாதாரண புளூடூத் முறையிலேயே நல்ல ஒலி வரும். பேஸைத் தூக்கி வைத்து செய்திருக்கிறார்கள், அதுதான் காரணம்.

சோனி பரவாயில்லை. 30 மில்லிமீட்டர் டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்), காதின் மேல் உட்காரும் ரகம். அடிநாதம் தாராளம், நெக்பேண்டைவிடக் கட்டுப்பாடும் உண்டு. ஆனால் தம்புராவின் ஜீவா, அந்தப் பொடிப்பொடியான ரீங்காரம், போர்வை போர்த்தினாற்போல் அடங்கிக் கிடந்தது. இன்னொன்று, அப்பா கண்ணாடி போடுபவர். கண்ணாடிக் காம்பு பஞ்சைத் தூக்கிவிட, அந்த இடைவெளியில் பேஸ் கசிந்து போனது. காம்பைச் சற்று உயர்த்திப் பிடித்தால் தொப்பி திரும்பி வந்தது. இருபது நிமிடத்தில் காது வலிக்கிறது என்றார்.

மூன்ட்ராப் சூ 2 எனக்கு வியப்பாக இருந்தது. காதுக்குள் செருகும் வகை, 10 மில்லிமீட்டர் ஒற்றை டிரைவர், கழற்றி மாற்றும் ஒயர். முதலில் செருகியபோது சத்தம் சன்னமாக, தகரம் மாதிரி இருந்தது. ஏமாற்றமாகிவிட்டது. அப்புறம் பெட்டியில் இருந்த பெரிய ரப்பர் முனையை மாட்டினேன். காதுத் துளை அடைபட்ட அந்த நொடியில் தொப்பி முழுதாக வந்து இறங்கியது. அதே இயர்போன், அதே போன். இந்த வகையில் முனை பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை, எனவே மூன்று அளவையும் போட்டுப் பார்க்காமல் யாரும் தீர்ப்பு சொல்ல வேண்டாம். இதில் கும்கி வழுக்கி ஏறியது தெளிவாகக் கேட்டது. மிருதங்கத்தின் வலப் பக்கமான வலந்தலையில் சாப்பு என்ற அடி விழும்போது விரல் தோலில் படும் சத்தமும், அதன் பின் வரும் நாதமும் தனித்தனியாகக் கேட்டன. அத்தை குரலில் பிருகா, அந்த வேகமான ஸ்வர உருட்டல், உதிராமல் வந்தது. அத்தை மகன் கழற்றவே மனமில்லாமல் இரண்டு முறை கேட்டான்.

காஸ் அமெரிக்காவில் இருபது டாலர் அளவில் விற்பது. ரிச்சி தெருவில் கேட்ட கடைகளில் கிடைக்கவில்லை, வெளியிலிருந்து வருபவர்கள் கொண்டுவந்தால் உண்டு. காதில் கொக்கி போல மாட்டுவது, முழுக்கத் திறந்த அமைப்பு. அடி ஆழம் இதில் குறைவு, தொப்பியின் அடிவயிறு கேட்காது. ஆனால் குரலும் வயலினும் அறைக்குள் நம் எதிரில் உட்கார்ந்திருப்பது போல வரும். உச்சம் எனக்குக் கொஞ்சம் கூர்மை.

நான் சூ 2தான் என்று முடிவே கட்டிவிட்டேன். அப்பா நான்கையும் ஒரு மாலை முழுக்க மாற்றி மாற்றிக் கேட்டார். சூவில் சத்தம் நன்றாக இருக்கிறது, ஆனால் காது அடைத்த மாதிரி, மெல்லும் சத்தம்கூடத் தலைக்குள் கேட்கிறது என்றார். காஸை மாட்டிக்கொண்டதும் பேச்சில்லை. சற்று நேரம் கழித்து, “தம்புரா கேக்குதுடா” என்றார். வயது ஏற ஏற உயர் ஒலிகள்தான் காதை விட்டு முதலில் போகின்றன. எனக்குக் கூர்மையாகப் பட்ட அந்த உச்சம் அவருக்கு இழந்ததைத் திருப்பிக் கொடுத்தது. இதை நான் யோசிக்கவே இல்லை.

சூ 2 என்னோடு மெல்பர்ன் வந்துவிட்டது. சோனி அத்தை மகனுக்கு. கிளம்பும் நாள் விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து வந்தபோது, அப்பா காஸை மாட்டிக்கொண்டு தாளம் போட்டபடி நாற்காலியில் இருந்தார். வாசலில் பால்காரர் கேட்டைத் தட்டினார். பாட்டை நிறுத்தாமல், ஹெட்போனைக் கழற்றாமல், “இதோ வரேன்” என்று குரல் கொடுத்துவிட்டு எழுந்தார்.