ஆன்லைன் பாட்டு வகுப்பு: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

கர்நாடக சங்கீதத்தை இணையம் வழியாகக் கற்றுத்தரும் சேவைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். பதிவு செய்த பாடங்கள், சுருதியை அளந்து மதிப்பெண் போடும் செயலிகள், ஐந்தாறு பேர் சேர்ந்த குழு வகுப்பு, ஒருவருக்கு ஒருவர் நேரலை வகுப்பு. பாடத்திட்டம் நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்றே: மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை, தாட்டு, ஏழு தாள அலங்காரம் என்ற ஸ்வரப் பயிற்சிகள், மலஹரி ராகத்தில் கீதம் என்ற எளிய பாட்டு, பிறகு ஸ்வரஜதி, வர்ணம் என்ற பெரிய உருப்படிகள். இவை எல்லாம் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்படியிருக்க மாதாமாதம் பணம் கட்டுவது எதற்கு? நீங்கள் பாடுவதைக் கேட்டு, எந்த இடத்தில் ஸ்வரம் இறங்கிற்று என்று அங்கேயே பிடித்து நிறுத்தும் குருவின் காதுக்கு. உங்கள் குரல் அந்தக் காதுக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு சுத்தமாகப் போய்ச் சேருகிறது என்பதை வைத்தே ஒரு வகுப்பை மதிப்பிட வேண்டும்.

நிமிடக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கலாம். குழு வகுப்பு 45 நிமிடம், ஆறு பிள்ளைகள். வருகை பார்ப்பது, போன வாரப் பாடம், புதுப் பாடத்தைப் பாடிக் காட்டுவது என்று 15 நிமிடம் போய்விடும். மீதி 30 நிமிடத்தை ஆறால் வகுத்தால் பிள்ளைக்கு 5 நிமிடம். மற்ற 40 நிமிடமும் மைக்கை அணைத்துவிட்டுத் தனக்குத்தானே பாடிக்கொண்டிருக்கும். அபஸ்வரம் வந்தாலும் யாருக்கும் தெரியாது. தனி வகுப்பில் 30 நிமிடத்தில் 20 நிமிடமாவது மாணவரின் குரல் கேட்கும். தனி வகுப்புக்கு இரண்டு மடங்கு கட்டணம் கேட்டாலும், குரு கேட்கும் நிமிடத்துக்கு அதுவே மலிவு. குழு வகுப்பு யாருக்குப் பொருந்தும் என்றால், வர்ணம் தாண்டி, கீர்த்தனைகளைச் சேர்த்துக்கொள்ள வரும் பெரியவர்களுக்கு. ஆரம்பப் பாடத்துக்கு வேண்டாம்.

நேரில் நடக்கும் குழு வகுப்பில் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள், பழகியவர்களின் குரலோடு சேர்ந்து மற்றவர்களும் நிமிர்வார்கள். ஆன்லைனில் அதற்கு வழியில்லை. குரல் போய்த் திரும்புவதற்குக் கால் வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ அழைப்பில் இது சாதாரணம். நிமிடத்துக்கு 60 அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) என்ற வேகத்தில் ஆதி தாளம் போட்டால் ஓர் அட்சரம் ஒரு வினாடி. முதல் காலத்தில், அதாவது பாடும் முதல் வேகத்தில், அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம்தான், கால் வினாடி பிந்தினால் லேசான இழுவையாகத் தெரியும். மூன்றாம் காலத்தில் அட்சரத்துக்கு நான்கு ஸ்வரம், ஒவ்வொன்றும் கால் வினாடி. ஆசிரியர் காந்தாரத்தில் (க) இருக்கும்போது, மாணவர் பாடிய முந்தைய ஸ்வரமான ரிஷபம் (ரி) அவர் காதில் விழுகிறது. மாணவர் சரியாகத்தான் பாடுகிறார், ஆனால் ஆசிரியருக்கு அவர் பின்தங்குவதாகப் படுகிறது. ‘இழுக்காதே, எடுத்துப் பாடு’ என்கிறார். மாணவர் ஓட ஆரம்பிக்கிறார். ஆறு மாதம் இப்படி நடந்தால் தாளத்தை முந்தும் பழக்கம் ஊறிவிடும், பிறகு அதைத் திருத்துவது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.

இதற்கு மாற்று எளியது. ஆசிரியர் ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, பாடி நிறுத்த வேண்டும். மாணவர் தானே தாளம் போட்டுத் திருப்பிப் பாட வேண்டும், அப்போது ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. படமும் ஒலியும் கிட்டத்தட்ட சேர்ந்தே தாமதமாவதால், கை விழுவதும் ஸ்வரம் விழுவதும் பொருந்துகிறதா என்று ஆசிரியரால் பார்க்க முடியும். அதற்குத் தொடை மேல் தட்டும் கை படத்தில் தெரிய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் முகம் மட்டும் தெரியும்படி போனைச் சாய்த்து வைத்திருப்பார்கள். நான்கடி தள்ளி, இடுப்பு உயரத்தில் வைத்தால் கை தெரியும்.

அடுத்தது ஒலி. ஜூம், மீட், வாட்ஸ்அப் எல்லாமே பேச்சை மனத்தில் வைத்துச் செய்தவை. பேச்சு விட்டு விட்டு வரும், மின்விசிறி இரைச்சல் விடாமல் ஒரே மாதிரி வரும். அதனால் விடாமல் ஒரே மாதிரி வருவதை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடுகின்றன. சுருதிக்காகப் பின்னணியில் மீட்டும் தம்புரா விடாமல் ஒலிப்பது. ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிற்கும் கார்வையும் அப்படித்தான். பிள்ளை பஞ்சமத்தில் (ப) நான்கு அட்சரம் நிற்கிறது. முதல் அட்சரம் நன்றாகக் கேட்கிறது, மூன்றாவதில் குரல் தேய்கிறது, நான்காவதில் காணோம். மூச்சு போதவில்லை என்று ஆசிரியர் முடிவு கட்டுகிறார். மூச்சு இருந்தது, மென்பொருள்தான் குரலை விழுங்கிவிட்டது. தம்புராவும் இப்படித்தான் காணாமல் போகிறது. சுருதிப் பின்னணி இல்லாமல் வெறும் குரல் மட்டும் போய்ச் சேர்வதால், பிள்ளை மெல்ல மெல்ல இறங்குவது ஆசிரியருக்குச் சட்டென்று தெரிவதில்லை.

ஜூமில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. கணினியில் செட்டிங்ஸ், அதற்குள் ஆடியோ, அங்கே ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் கீழ் ‘ஹை ஃபிடெலிட்டி மியூசிக் மோட்’, ‘எக்கோ கேன்சலேஷன்’, ‘ஸ்டீரியோ ஆடியோ’ என்று மூன்று பெட்டிகள் இருக்கும். வாய்ப்பாட்டுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. இணைய வேகம் நன்றாக இருந்தால் முதலாவதை டிக் செய்யலாம், விட்டு விட்டு வந்தால் எடுத்துவிடுங்கள். இயர்போன் போட்டிருந்தால் எக்கோ கேன்சலேஷனை எடுத்துவிடலாம். இயர்போன் இல்லாமல் அதை எடுத்தால் ஆசிரியர் குரல் அவருக்கே திரும்பிப் போய் வகுப்பே நடக்காது. மைக் ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் மேலே தார ஸ்தாயியில் குரலை அழுத்தி, கீழே மந்திர ஸ்தாயியில் தூக்கிவிடும், அழுத்தியும் மென்மையாகவும் பாடும் வல்லின மெல்லினம் எதுவும் தெரியாது. இத்தனையும் செய்துவிட்டுப் பலர் தவறவிடும் ஒன்று உண்டு: வகுப்பு தொடங்கியதும் திரையில் வரும் ‘ஒரிஜினல் சவுண்ட்’ பட்டன் ‘ஆன்’ என்று காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ‘ஆஃப்’ என்று இருந்தால் மேலே செய்த எதுவும் வேலை செய்யாது. மாணவர், ஆசிரியர் இரண்டு பக்கமும் இதைச் செய்தாக வேண்டும். கூகுள் மீட்டில் ஆடியோ அமைப்பில் நாய்ஸ் கேன்சலேஷனை அணைத்தால் ஓரளவு தேறும். வாட்ஸ்அப் அழைப்பில் ஒரு சந்தேகம் கேட்கலாம், வகுப்பு வேண்டாம்.

இயர்போன் கம்பியுள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது பெரும்பாலான கருவிகள் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடுகின்றன, தாமதமும் கூடுகிறது. விலை உயர்ந்த புளூடூத்தைவிட, மைக் வைத்த சாதாரணக் கம்பி இயர்போன் பாட்டுக்கு மேல்.

தம்புரா மாணவரின் அறையில்தான் ஒலிக்க வேண்டும். அழைப்பு வழியாக வரும் ஆசிரியரின் தம்புராவை நம்பிப் பாடினால், அது விட்டுவிட்டு வரும்போதெல்லாம் குரலும் தடுமாறும். தம்புரா செயலியை வகுப்பு ஓடும் போனில் போடாமல் வேறொரு போனில் போட்டு, மைக்கிலிருந்து மூன்றடி தள்ளி, குரலைவிடச் சன்னமாக வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் பாடும்போது ஆசிரியர் தன்னுடையதை நிறுத்திவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒலித்து, ஒன்று மயிரிழை விலகி நின்றாலும் ‘வம் வம்’ என்று அலை எழும். அந்த அலைக்கு நடுவே ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தை (ஸ) பிடிக்கத் தேர்ந்த பாடகருக்கே கஷ்டம், எட்டு வயதுப் பிள்ளை பாவம் என்ன செய்யும்.

பதிவு செய்த பாடங்களில் பெரிய சிக்கல் கட்டைதான், அதாவது பாடுபவர் ஷட்ஜத்தை வைக்கும் சுருதி உயரம். ஆண் வித்வான் 1 கட்டையில், அதாவது கீபோர்டின் சி ஸ்வரத்தில் பாடியிருப்பார். வீட்டுப் பெண் பிள்ளைக்கு 5 அல்லது 5½ கட்டை, அதாவது ஜி அல்லது ஜி ஷார்ப் தேவைப்படலாம். பதிவோடு சேர்ந்து பாடினால் அடித்தொண்டையில் முனகும், அல்லது எட்டாத உயரத்துக்குக் கத்தும். மென்பொருளால் ஒன்றிரண்டு அரைஸ்வரம் ஏற்றி இறக்கலாம், அதற்கு மேல் போனால் குரல் பொம்மைக் குரலாகும். பல கட்டைகளில் பாடிப் பதிந்த பாடம் என்றால் மட்டும் வாங்கலாம். இன்னொன்று, பதிவுப் பாடத்தின் நிஜமான பலன் திரும்பத் திரும்பக் கேட்பது. யூடியூபில் 0.75 வேகத்தில் வைத்தால் சுருதி மாறாமல் பாட்டு மெதுவாகும். வர்ணத்தில் வரும் சிட்டஸ்வரம் என்ற ஸ்வரப் பகுதியைப் பிடிக்க இது நல்ல துணை. 0.5-க்கு இறக்கினால் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, கரகரத்துப் போய்விடும். ஏற்கெனவே குரு இருப்பவருக்குப் பதிவுகள் சாதகத்துக்கு, அதாவது வீட்டுப் பயிற்சிக்கு, நல்ல துணை. குரு இல்லாதவருக்கு அதை மட்டும் நம்பிப் போவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சுருதி அளக்கும் செயலிகள் முதல் மூன்று மாதத்துக்கு உதவும். ஸ, ப, மேல் ஸ மூன்றிலும் அசையாமல் நிற்கிறோமா என்று கோடு வரைந்து காட்டும்போது பிள்ளைகளுக்கு ஆர்வமும் வருகிறது. கமகம் வந்ததும் அவை தவறு சொல்லத் தொடங்கும். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: எழுதுவது ‘க’ என்று, பாடும்போது குரல் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைகிறது, காந்தார ஸ்தானத்தில் நிற்பதே இல்லை. அசையாத ஸ்வரத்தோடு ஒப்பிட்டு அளக்கும் செயலி அதைச் சிவப்பாகக் காட்டும். மதிப்பெண்ணுக்காகப் பிள்ளை அசைவை விட்டுவிட்டுத் தட்டையாகப் பாடினால், செயலி பச்சை காட்டும், தோடி செத்துப்போகும்.

நல்ல ஆன்லைன் ஆசிரியரை அடையாளம் காட்டுவது வகுப்புக்கு வெளியே அவர் வாங்கும் வீட்டுப்பாடம். மாணவர் தம்புரா போட்டு, தாளம் தட்டி, பாடத்தை மூன்று காலத்திலும் போனில் பதிந்து அனுப்புகிறார். இங்கே தாமதம் இல்லை, அமுக்கல் இல்லை. நேரில் கேட்பதற்கு மிக அருகில் வருவது இதுதான். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக இணைத்து அனுப்பினால் பதிந்தது பதிந்தபடி போகும். ‘இரண்டாவது ஆவர்த்தனத்தில் தைவதம் (த) சுருதி கூடிவிட்டது, கீழ்க் காலத்தில் பத்து முறை’ என்று பதில் வந்தால் அந்த ஆசிரியரை விடாதீர்கள். கட்டைவிரல் குறி மட்டும் வந்தால் யோசியுங்கள்.

வாத்தியங்களுக்குச் சுருக்கமாக. வயலினில் வில் போகும் தடமும் இடக்கை விரல்களும் ஒரே படத்தில் தெரிய, தரையில் உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் உயரத்தில் கேமரா வேண்டும். வீணைக்குக் கொஞ்சம் மேலிருந்து, மெட்டுக்கட்டையின் மேல் தந்தியை இழுப்பது தெரியும்படி. மிருதங்கம்தான் மிகவும் அடிபடுகிறது. வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில், வாசிக்கும் சொற்களைக் கதவு தட்டும் சத்தம்போல எண்ணி மென்பொருள் வெட்டும். தொப்பி என்ற இடது பக்கத்தில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலியைப் போன் ஸ்பீக்கரால் கொடுக்கவே முடியாது, ஹெட்போனில்தான் கேட்கும். அதோடு விரல் விழும் அழுத்தத்தைத் தொட்டுத் திருத்த ஆள் வேண்டும். மிருதங்கத்தைத் தொடங்கும்போது முதல் ஆறு மாதமாவது நேரில் கற்றுக்கொள்ளுங்கள், ஆன்லைன் பிறகு.

சேர்வதற்கு முன் மாதிரி வகுப்பு ஒன்று கேட்டு வாங்குங்கள். முதல் பத்து நிமிடத்தில் ஆசிரியர் கட்டை பார்க்கிறாரா என்று கவனியுங்கள்: கீழே மந்திர பஞ்சமம், மேலே தார காந்தாரம் வரை பாடச் சொல்லி, இரண்டும் சிரமமில்லாமல் வரும் இடத்தில் ஷட்ஜத்தை வைக்க வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கட்டை என்பவர், மூன்று மாதத்தில் வர்ணம் என்று வாக்குக் கொடுப்பவர், மாதிரி வகுப்பில் ஒருவரும் மாத வகுப்பில் வேறொருவருமாக வரும் நிறுவனம், இவற்றைத் தவிர்த்துவிடலாம். ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கேட்டால் மூன்று மாதமாகப் பிரித்துக் கட்டக் கேளுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் நேரத்தை இந்திய நேரப்படி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இந்தியாவில் சனிக்கிழமை காலை 6:30 என்றால் நியூயார்க்கில் குளிர்காலத்தில் வெள்ளி இரவு 8 மணி, மார்ச்சில் கடிகாரம் மாறியதும் 9 மணி. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தூங்கும் நேரம், நவம்பர் வரை வேறு நேரம் கிடைக்குமா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.