மூவபிள் ஆல்ஃபபெட் பெட்டி: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது

ஆங்கில ஃபோனிக்ஸுக்கென்று, அதாவது எழுத்தின் ஒலியை வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் முறைக்கென்று, கடைகளில் குவிந்துகிடக்கும் சாமான்களில், கொடுத்த காசுக்கு உருப்படியாக உழைப்பது மான்டிசோரி பள்ளிகளில் புழங்கும் மூவபிள் ஆல்ஃபபெட் பெட்டிதான். 26 அறைகள் கொண்ட தட்டு, ஒவ்வொரு அறையிலும் ஒரே எழுத்து பல துண்டுகளாக, மரத்தில் அறுத்தது. அவ்வளவே. பாட்டுப் பாடாது, விளக்கு எரியாது. அந்தப் பள்ளிமுறையை உருவாக்கிய மரியா மான்டிசோரி 1939-லேயே அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தவர். ஆக, சென்னைக்கு இது புதுச் சரக்கும் இல்லை.

சின்ன எழுத்து (ஸ்மால் லெட்டர்) உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பிள்ளை படிக்கப்போகும் புத்தகத்தில் கேப்பிட்டல் எழுத்து பெரும்பாலும் வாக்கியத்துக்கு ஒன்றுதான் வரும். உயிரெழுத்து ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து, மெய்யெழுத்தில் மூன்று இருக்கட்டும். எழுத்துக்கு ஒரே துண்டு வரும் பஸில் வாங்கினால், இரண்டாவது சொல் அமைக்க முதல் சொல்லைக் கலைக்க வேண்டியிருக்கும். உயிருக்கும் மெய்க்கும் வேறு வேறு நிறம் அவசியம். எதற்கு எந்த நிறம் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் செய்த மலிவு ரகம் ஈரம் பட்டால் உப்பும், உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

பெரிய குறை ஒன்று உண்டு. இரு பக்கமும் பெயின்ட் அடித்த துண்டுகளில், ‘பஸ்’ஸின் முதல் எழுத்தைப் (b) புரட்டிப் போட்டால் ‘டாக்’கின் முதல் எழுத்தாகிவிடும் (d), அப்படியே தலைகீழாகத் திருப்பினால் க்யூ. ‘நெட்’டின் முதல் எழுத்தைத் தலைகீழாக்கினால் யூ. பிள்ளை சரியான அறையிலிருந்துதான் எடுத்திருக்கும், தரையில் வேறு எழுத்து நிற்கும். ஒரு பக்கம் மட்டும் நிறம் பூசிய பெட்டி கிடைத்தால் புரளும் தொல்லை பாதி தீரும். எதுவானாலும் இந்த எழுத்துகளின் முன்பக்கத்தில், அடிப்பகுதியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவிடுங்கள். பொட்டு கீழே, கண்ணுக்குத் தெரிய இருந்தால் எழுத்து சரியாக இருக்கிறது.

முதல் நாளே 26-ஐயும் கொட்டாதீர்கள். பல ஃபோனிக்ஸ் திட்டங்கள் தொடங்கும் எஸ், ஏ, டீ, ஐ, பீ, என் (s, a, t, i, p, n) ஆறும் போதும். டின், பின், டேப் (tap), பேன் (pan), நேப் (nap) எல்லாம் இதிலேயே வந்துவிடும். ஒரு சுற்று பத்து நிமிடம். பொருளைக் கையில் கொடுங்கள், பெயரைச் சொல்லுங்கள், முதலில் என்ன ஒலி கேட்கிறது, அடுத்து என்ன, கடைசியில் என்ன என்று கேட்டு, ஒவ்வொன்றையும் எடுத்து இடமிருந்து வலமாக அடுக்கச் சொல்லுங்கள். எழுத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் ஆட்டமே கெட்டுவிடும்: பீ, ஐ, என் என்று எத்தனை முறை சொன்னாலும் ‘பின்’ வராது.

தமிழ் வீடுகளில் ஆட்டம் சறுக்குவது ஒலியில்தான். மெய்யை ‘ப’, ‘ட’ என்று அகரம் ஏற்றிச் சொல்லக் கூடாது. புள்ளி வைத்த ‘ப்’, ‘ட்’ ஆகவே நறுக்கென்று நிறுத்த வேண்டும். நம் வாயில் ‘கப்’ ‘கப்பு’ ஆகிவிடும், ‘பஸ்’ ‘பஸ்ஸு’ ஆகிவிடும். பிள்ளை அந்தக் கடைசி உகரத்துக்கும் ஓர் எழுத்தைத் தேடும். தப்பு அதன் காதில் இல்லை, நம் வாயில். இதைவிடச் சங்கடம் ‘பேட்’டும் ‘பெட்’டும். கிரிக்கெட் மட்டைக்குரிய உயிரொலி தமிழில் இல்லாததால் பல பிள்ளைகள் இரண்டுக்கும் ஆங்கில ‘ஈ’ (e) எழுத்தையே எடுக்கும். மோவாயில் விரல் வைத்துச் சொல்லச் சொன்னால் மட்டைக்குத் தாடை நன்றாக இறங்குவது தெரியும். ஏ, ஈ இரண்டையும் ஒரே வாரத்தில் சேர்க்காமல், ஒன்று படிந்த பிறகு மற்றதை எடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு எழுத்து பழகியதும் ஏணி ஆட்டம். ‘கேப்’பின் (cap) நடு எழுத்தை மாற்றினால் ‘கப்’, கடைசியை மாற்றினால் ‘கட்’, முதலை மாற்றினால் ‘நட்’. ஒரு தடவைக்கு ஒரு துண்டுதான் நகரலாம். ‘கப்’புக்கு ‘கே’ எழுத்தை எடுத்தால் திருத்த வேண்டாம். ஒலி சரி, ஸ்பெல்லிங் பிறகு வரும்.

‘ஷிப்’, ‘சிப்ஸ்’ என்று பிள்ளை கேட்கத் தொடங்கும்போது பெட்டி திணறும். இரண்டெழுத்து சேர்ந்து ஒரே ஒலி தரும் துண்டுகள் பெரும்பாலான பெட்டிகளில் இல்லை. துண்டுச் சீட்டில் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம்.

பெட்டிக்குக் காசு போட மனமில்லை என்றால் கனமான அட்டையில் 5 செ.மீ. சதுரமாக 88 துண்டுகள் வெட்டுங்கள்: உயிருக்கு ஐந்து, மெய்க்கு மூன்று வீதம். எழுத்தின் வடிவத்துக்கு அறுக்காமல் சதுரத்தின் ஒரு பக்கம் மட்டும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டுவிட்டால் புரட்டும் தொல்லையும் கிடையாது.